ஒக்டேவில் மழைவீழ்ச்சிக் கோப்பை ஏற்றும்போது இரணைமடுவின் வரிகள் மட்டும் குழம்புவது ஏன்?

கண்டாவளைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் இறுதியாண்டு மாணவி நான். மழை தொடங்கும் நாளுக்கும் காலபோக (மாரிக்கால நெற்செய்கை) விதைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காக, இரணைமடு, அக்கராயன், கல்மடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய ஐந்து குளங்களின் நாளாந்த மழைவீழ்ச்சியும் நீர்மட்டமும் அடங்கிய எக்செல் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறேன். தாளில் இருந்த பழைய பதிவுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு அது. குளத்தின் பெயர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளது. அதையடுத்துத் திகதி, மில்லிமீற்றரில் மழை, அடியில் நீர்மட்டம் என நெடுவரிசைகள் வருகின்றன.

மட்லாப் என்ற கணிப்பு மென்பொருளின் உரிமம் வாங்க வசதியில்லாததால், அதைப் போன்ற, இலவசமாகக் கிடைக்கும் ஒக்டேவில் வேலை செய்கிறேன். திகதி அங்கே எண்ணாக வரவில்லை என்பதால், எக்செலிலேயே மாதத்தையும் நாளையும் சூத்திரத்தின் மூலம் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்து, கோப்பைச் சிஎஸ்வி வடிவில் (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எழுத்துக் கோப்பு) சேமித்து, ஒக்டேவின் டிஎல்எம்ரீட் கட்டளையால் ஏற்றினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் மூன்று விடயங்கள் எனக்கு விளங்கவில்லை. இரணைமடுவின் வரிகள் எல்லாம் ஒரு நெடுவரிசை வலப்பக்கம் தள்ளி நிற்கின்றன. ஜூலை மாதத்தில் வன்னியில் ஒருபோதும் பெய்யாத அளவு மழை காட்டப்படுகிறது. ஒக்டேவ் தரும் நாளாந்தச் சராசரி, தாள்ப் பதிவேட்டில் கையால் கணித்து எழுதியிருக்கும் சராசரியை விட எப்போதும் குறைவாகவே வருகிறது. யாராவது வழி காட்டுவீர்களா?

மாங்குளத்தான் எழுதியது:

இவ்வளவு சிறிய வேலைக்கு ஒக்டேவ் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, தங்கச்சி. எக்செலில் பிவட் அட்டவணை ஒன்றைப் போட்டால் மாதவாரியான கூட்டுத்தொகை உடனே கிடைத்துவிடும்.

நெடுங்கேணி நிரலர் எழுதியது:

மாங்குளத்து அண்ணா சொல்வது கூட்டுத்தொகைக்குப் போதும். ஆனால் மழை தொடங்கும் நாளைக் கண்டறிவதற்குத் தொடர்ச்சியான ஈரநாட்களையும் அதன்பின் வரும் வரண்ட இடைவெளிகளையும் எண்ண வேண்டியிருக்கும், அதற்கு எண் அணியாக (மாட்ரிக்ஸ்) ஏற்றி வைத்திருப்பதுதான் வசதி. அத்துடன், இந்தக் கோப்பிலுள்ள கோளாறுகளை எக்செலில் இருந்துகொண்டே பார்த்தால் அவை கண்ணில் படமாட்டா.

தங்கச்சி, பதில் சொல்வதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்காமல் நோட்பேட்டில் திறந்து, இரணைமடுவின் வரி எந்தக் குறியோடு தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு லிப்ரே ஒபிஸில் அதே கோப்பைத் திறந்து, காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துச் சேமித்து மீண்டும் ஏற்றிப் பாருங்கள்.

கண்டாவளைக்காரி எழுதியது:

செய்து பார்த்தேன் அண்ணா. நோட்பேட்டில் இரணைமடுவின் வரி மட்டும் மேற்கோள்குறியும் அதற்கடுத்து ஒரு காற்புள்ளியுமாகத் தொடங்குகிறது. அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. இரணைமடு சரியாக வருகிறது; மற்ற நான்கும் குழம்பிவிட்டன. கல்மடு ஒரு நெடுவரிசையும், அக்கராயனும் வவுனிக்குளமும் இரண்டு நெடுவரிசைகளும், முத்தையன்கட்டு மூன்று நெடுவரிசைகளும் தள்ளிப்போயிருக்கின்றன. இதில் ஏதோ ஒழுங்கு இருப்பது தெரிகிறது, ஆனால் காரணம் புரியவில்லை.

நெடுங்கேணி நிரலர் எழுதியது:

காரணம் பாமினிதான். பாமினி எழுத்துருவில் எழுதியது நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள்ளே இருப்பவை ஆங்கில விசைப்பலகையின் குறிகளே. அந்த எழுத்துருவில் 'இ' என்ற எழுத்து உட்கார்ந்திருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஆகவே 'இரணைமடு' என்று தட்டச்சு செய்தவர் உண்மையில் ஒரு காற்புள்ளியை முதலில் இட்டிருக்கிறார். அந்தப் பெயரில் மெய்யெழுத்தே இல்லாதபடியால் அரைப்புள்ளி எதுவும் இல்லை. கல்மடுவில் 'ல்' ஒன்று. அக்கராயனில் 'க்', 'ன்' என இரண்டு. வவுனிக்குளத்தில் 'க்', 'ம்' என இரண்டு. முத்தையன்கட்டில் 'த்', 'ன்', 'ட்' என மூன்று. உங்கள் நெடுவரிசைகள் எத்தனை தள்ளிப்போயின என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

உள்ளடக்கத்தில் காற்புள்ளி இருப்பதை எக்செல் அறிந்து, அந்தப் பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்துத்தான் சேமித்திருக்கிறது. ஆனால் டிஎல்எம்ரீட் மேற்கோள்குறியை மதிக்காது. எங்கே பிரிப்பானைக் கண்டாலும் வெட்டிவிடும். மட்லாபின் ரீட்டேபிள் கட்டளையும், பைதன் மொழியில் பாண்டாஸ் தொகுப்பின் ரீட்சிஎஸ்வியும் மேற்கோள்குறியை மதிப்பவை, ஆகவே அங்கே இந்தக் குழப்பம் தலைகாட்டியிருக்காது. ரீட்டேபிள் மட்லாபுக்கு வந்ததே 2013இல்தான். ஒக்டேவின் அடிப்படைத் தொகுப்பில் அது இல்லை.

தீர்வு எளிது. பெயருக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்து வரை குறியெண் கொடுத்து மாற்றிவிடுங்கள். டிஎல்எம்ரீட் எண்களை மட்டுமே அறியும் என்பதால், பெயர் எந்த எழுத்துருவில் இருந்தாலும் அதற்குப் பயனில்லை. பெயரும் வேண்டுமென்றால் கோப்பை டாப் இடைவெளியால் பிரித்துச் சேமியுங்கள். பாமினியில் எந்த எழுத்தும் டாப் விசையில் இல்லை.

நம் பக்கத்து அலுவலகக் கோப்புகளில் இன்னமும் பாமினி நிறைய இருப்பதால், இணையத்தில் இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தச் சிக்கலைத் தேடினால் கிடைப்பது அரிது.

ஓமந்தை வாசகன் எழுதியது:

ஜூலை மழைக்கு நான் ஒரு ஊகம் சொல்கிறேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு உரியதாக இருக்கக்கூடும். அப்படியானால் எக்செல் மாதத்தை முதலிலும் நாளை இரண்டாவதாகவும் வாசிக்கும். பதிவேட்டில் 07/11 என்று இருப்பது நமக்கு நவம்பர் 7. எக்செலுக்கு அது ஜூலை 11. நாள் 12ஐத் தாண்டினால் மாதமாக வாசிக்க முடியாமல், 21/12 போன்ற திகதிகளை எக்செல் வெறும் எழுத்துச் சரமாகவே விட்டுவிடும். அவற்றில் மாதத்தைப் பிரிக்கும் சூத்திரம் பிழை காட்டும். அந்தப் பிழையை டிஎல்எம்ரீட் ஓசைப்படாமல் பூச்சியமாக மாற்றிவிடும்.

இது உண்மையானால், ஒரு குளத்துக்கு ஒரு சாதாரண ஆண்டில் ஒவ்வொரு மாதத்திலும் சரியாக 12 வரிகள்தான் இருக்க வேண்டும், மொத்தம் 144. மீதி 221 வரிகளில் மாதம் பூச்சியமாக இருக்க வேண்டும். நீங்கள் ஜூலை என்று பார்த்துக்கொண்டிருப்பது பன்னிரண்டு மாதங்களினதும் ஏழாம் திகதிகளின் தொகுப்பு. அதில் நவம்பரும் டிசம்பரும் இருப்பதால்தான் மழை கொட்டுகிறது.

கண்டாவளைக்காரி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். 144உம் 221உம் அப்படியே வருகின்றன! லீப் ஆண்டில் மட்டும் 222 வருகிறது. மாதம் பூச்சியமாக உள்ள வரிகளை நான் கவனிக்கவே இல்லை, ஏனெனில் மாதவாரியாக வரைந்த வரைபடம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் காட்டியது. இதை எப்படித் திருத்துவது?

ஓமந்தை வாசகன் எழுதியது:

ஏற்கெனவே குழம்பிய கோப்பைத் திருத்த முயல வேண்டாம். மூலக்கோப்பின் திகதி நெடுவரிசையை எக்செல் தொடாதபடி, அதாவது எழுத்து வகையாகவே வைத்துச் சேமித்து, ஒக்டேவில் டெக்ஸ்ட்ஸ்கான் கட்டளையால் அதை எழுத்துச் சரமாக ஏற்றுங்கள். அதன்பின் டேட்நம் கட்டளைக்கு நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கை நீங்களே குறிப்பிட்டுக் கொடுத்தால் ஊகத்துக்கு இடமிருக்காது. பாண்டாஸ் பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாள் முதலில் வருகிறது என்று சொல்லாவிட்டால் அதுவும் மாதத்தையே முதலில் எடுக்கும்.

மூலக்கோப்பிலேயே எக்செல் சில திகதிகளைத் தன் உள்ளெண்ணாக (நாட்களை எண்ணும் தொடரெண்) மாற்றியிருந்தால், அந்த எண்ணோடு 693960ஐக் கூட்டினால் ஒக்டேவின் திகதி எண் கிடைக்கும். ஆனால் மாறிப்போன மாதமும் நாளும் அதனால் சரியாகிவிடா, கவனம்.

எந்த முறையில் ஏற்றினாலும், ஏற்றியபின் நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்வைத் தேடிப் பாருங்கள். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. இந்த நாட்களில் உங்கள் அணி சும்மா இருந்தால் திகதி இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

மடுவீதி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. எனக்கு அதுதான் மூன்றிலும் பாரதூரமானதாகத் தெரிகிறது. டிஎல்எம்ரீட் வெறுமையான கட்டத்தைக் கண்டால் பூச்சியத்தை இட்டு நிரப்பும். எண்ணல்லாத எதைக் கண்டாலும், அது ஒரு சிறு கோடாக இருக்கட்டும், 'வாசிப்பு இல்லை' என்ற குறிப்பாக இருக்கட்டும், அதையும் பூச்சியமாக்கும். வெப்பநிலைத் தரவிலோ இரத்த அழுத்தத் தரவிலோ பூச்சியம் வந்தால் பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடும். மழையில் அப்படியில்லை. வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களுக்குப் பூச்சியமே மெய்யான வாசிப்பு. ஆகவே பொய்ப் பூச்சியம் மெய்ப் பூச்சியங்களுக்குள் கலந்து நின்றால் அதைப் பிரித்தறிய எந்த வரைபடமும் உதவாது.

உங்கள் தாள்ப் பதிவேடு மாதங்களை நெடுவரிசையாகவும் நாட்களை 31 வரிகளாகவும் கொண்ட பழைய படிவமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் படிவத்தில் 372 கட்டங்கள் உள்ளன. சாதாரண ஆண்டுக்கு 365தான் தேவை. மீதி ஏழு கட்டங்களும், பெப்ரவரி 30 போன்ற இல்லாத நாட்களுக்குரியவை, வெறுமையாக இருக்கும். தட்டச்சு செய்தவர் அவற்றையும் வரிகளாக மாற்றியிருந்தால், அவை மழையற்ற நாட்களாக உள்ளே வந்துவிடும். இதனால் மட்டும் நாளாந்தச் சராசரி ஏறக்குறைய இரண்டு வீதம் குறையும். சராசரியை விடவும் உங்கள் ஆராய்ச்சிக்குப் பாதகமானது வரண்ட இடைவெளிகளின் நீளம்தான். பெப்ரவரி முடிவில் மூன்று இல்லாத நாட்கள் சேர்ந்தால் ஒவ்வொரு சாதாரண ஆண்டும் அந்த இடைவெளி மூன்று நாள் நீண்டுவிடும்.

டிஎல்எம்ரீட் கட்டளையின் கடைசியில், வெறுமைக்கு என்ன மதிப்பு இட வேண்டும் என்று குறிப்பிடும் தெரிவு ஒன்று உண்டு. அதில் 'எண் அன்று' என்பதைக் குறிக்கும் 'நேன்' மதிப்பைக் கொடுங்கள். அதன்பின் சராசரி எடுக்கும்போது நேன் உள்ள நாட்களை முதலில் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் விடையும் நேனாகவே வரும். அப்படி வருவதை நான் தொல்லையாகக் கருதுவதில்லை. தவறான எண்ணைத் தருவதை விட விடை தர மறுப்பது நேர்மையான நடத்தை.

கண்டாவளைக்காரி எழுதியது:

ஆம், 31 வரிப் படிவமேதான். கோடுகளும் உள்ளன. அத்துடன் சில நாட்களில் 'சொற்பம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதையும் நேன் ஆக்கிவிடலாமா?

மடுவீதி எழுதியது:

கூடாது. சொற்பம் என்பது, மழை தூறியது ஆனால் மழைமானியில் அளக்கும் அளவுக்குச் சேரவில்லை என்ற மெய்யான வாசிப்பு. கூட்டுத்தொகைக்கு அதைப் பூச்சியமாக எடுப்பதே வழக்கம். கோடு என்பது வாசிப்பே இல்லாத நாள். டிஎல்எம்ரீட் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடும் என்பதால் இந்த நெடுவரிசைக்கு அது பொருந்தாது. மழையையும் டெக்ஸ்ட்ஸ்கானில் எழுத்துச் சரமாகவே ஏற்றி, முதலில் சொற்பம் உள்ள இடங்களில் பூச்சியத்தை நீங்களே இட்டு, மீதியை எஸ்டிஆர்டூடபிள் கட்டளையால் எண்ணாக்குங்கள். எண்ணாக மாறாத எல்லாவற்றையும் அது நேன் ஆக்கித் தரும். சொல்லை ஒப்பிடும்போது அதுவும் பாமினியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதிய சொல்லோடு அது ஒருபோதும் பொருந்தாது.

மாங்குளத்தான் எழுதியது:

இவ்வளவு சிரமப்படுவதை விட, வாசிப்பு இல்லாத நாட்களுக்கு அந்த மாதத்தின் சராசரியை இட்டு நிரப்பிவிட்டால் என்ன?

குளக்கட்டுப் பெரியவர் எழுதியது:

தம்பி, மழை அப்படிச் சராசரியாகப் பெய்வதில்லை. டிசம்பரில் ஒரே இரவில் பெய்வதை முப்பத்தொரு நாளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொரு நாளும் ஈரநாளாகிவிடும். இந்தப் பிள்ளை எண்ண விரும்பும் வரண்ட இடைவெளிகள் ஒன்றும் மிஞ்சா.

குளங்களோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற வகையில் நீர்மட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மழையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பழைய பதிவேடுகளில் மட்டம் அடியிலும் அங்குலத்திலும் எழுதப்பட்டது. 34.6 என்று எழுதினால் அது முப்பத்து நான்கு அடி ஆறு அங்குலம், அதாவது முப்பத்து நான்கரை அடி, தசமத்தில் 34.5. கணினி அதை 34.6 அடி என்றே எடுத்துக்கொள்ளும். இந்தப் பிழை சிறியது, திருத்தவும் கூடியது. பெரிய பிழை 34.10இல் இருக்கிறது. அது பத்து அங்குலம். எக்செலில் எண்ணாக உள்ளிட்ட கணத்திலேயே கடைசிப் பூச்சியம் போய் 34.1 ஆகிவிடும், அதன்பின் பத்து அங்குலமும் ஓர் அங்குலமும் ஒன்றுதான். ஒன்பது அங்குல வித்தியாசம் இரணைமடு போன்ற அகன்ற குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதை, அந்தக் குளத்தை நம்பிச் சிறுபோகம் (கோடைக்கால நெற்செய்கை) செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. புள்ளிக்குப் பின்னால் .11 அடிக்கடி வந்து, .12 முதல் .99 வரையான ஈரிலக்கங்கள் ஒன்றுமே வராவிட்டால் அது அங்குலம். அங்குலமானால், காணாமற்போன பத்தை அயல்நாட்களைக் கொண்டு பெரும்பாலும் மீட்கலாம். குளம் நிரம்பும்போது 34.9க்கும் 34.11க்கும் நடுவில் நிற்கும் 34.1 ஐயமின்றிப் பத்து அங்குலம்தான். ஐயமானவற்றுக்குத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

அடியையும் அங்குலத்தையும் இடையில் சிறுகோடிட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. அப்படித் தட்டச்சு செய்தால், குளம் வற்றிக் கிடக்கும் காலத்தின் 10-6 என்ற மட்டத்தை எக்செல் ஒரு திகதியாக மாற்றிவிடும். நிரம்பிய காலத்து 34-6க்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே கெட்டுப்போவது பெரும்பாலும் வரட்சிக்காலத் தரவுதான். இன்னொன்று, இரணைமடு புனரமைக்கப்பட்டு முழுமட்டம் 36 அடியாக உயர்த்தப்பட்டபின் வந்த வாசிப்புகளைப் பழைய முழுமட்டத்தோடு ஒப்பிட்டு, மென்பொருள் பிழையாக வாசிக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

கண்டாவளைக்காரி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மட்டம் அங்குலத்தில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்தேன். தாள்ப் பிரதி கைவசம் உள்ளதால் ஐயமான இடங்களைத் திருத்திவிடுவேன். எல்லோரும் சொன்னபடி குறியெண் இட்டு, திகதியையும் மழையையும் எழுத்துச் சரமாக ஏற்றியபின், ஒவ்வொரு ஆண்டின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் அடியில் கையால் எழுதிய கூட்டுத்தொகையோடு பொருந்துகிறது. ஜூலையும் வரண்டுவிட்டது.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியுள்ளன. அறிவியல் நகருக்கு அண்மையில் உள்ள தானியங்கி மானியின் தரவோடு ஒப்பிட்டபோது, என் கோப்பில் பெருமழைகள் பெரும்பாலும் ஒரு நாள் பிந்தி வருகின்றன. அத்துடன், 2008இன் பிற்பகுதியிலிருந்து சில நிலையங்களுக்கு நீண்ட காலம் வெறுமையாக இருக்கிறது. முதலில் ஏற்றியபோது அது பெரும் வரட்சியாகத் தெரிந்தது.

ஓமந்தை வாசகன் எழுதியது:

முதலாவது பிழையன்று. கையால் அளக்கும் மானி காலை 8.30க்கு வாசிக்கப்படுகிறது, 22ஆம் திகதிக்கு எதிரே எழுதப்படும் மழையில் பெரும்பகுதி 21ஆம் திகதி பகலிலும் இரவிலும் பெய்தது. தானியங்கி மானி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டியிருக்கும். திகதியை ஒரு நாள் பின்தள்ளி ஒப்பேற்றாமல், தானியங்கித் தரவை 8.30இலிருந்து 8.30 வரை மீண்டும் கூட்டி ஒப்பிடுங்கள். அது பத்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்புத் தருவதாக இருந்தால் ஆண்டுக்கு 52,560 வரிகள் வரும். பழைய எக்செல் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதால், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அறுந்துவிடும். அந்தக் கோப்பை எக்செல் பக்கம் கொண்டுபோகாமல் நேராக ஒக்டேவில் ஏற்றுங்கள்.

குளக்கட்டுப் பெரியவர் எழுதியது:

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மானியை வாசிக்க அங்கே ஆள் இருக்கவில்லை. போரால் கிளிநொச்சியே இடம்பெயர்ந்து போயிருந்தது. ஆனால் வானம் வரண்டிருக்கவில்லை. 2008 நவம்பர் கடைசியில் நிஷாப் புயல் வட பகுதி முழுவதையும் வெள்ளக்காடாக்கியது; தறப்பாள் கொட்டில்களில் இருந்த சனங்கள் மேல்தான் அந்த மழை பெய்தது. உங்கள் மென்பொருள் பூச்சியம் இட்ட இடம் அது.

ஆகவே அந்த ஆண்டுகளை எதனாலும் நிரப்ப வேண்டாம், பிள்ளை. ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கும் நீரியல் ஆண்டுகளாகத் தரவைப் பிரித்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த ஆண்டில் எத்தனை நாள் நேன் என்று எண்ணி, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாள் தவறியிருந்தாலும் அந்த ஆண்டை மழைத் தொடக்கக் கணிப்பிலிருந்து விலக்குங்கள். இடைவெளிக்கு முந்திய ஆண்டுகளையும் பிந்திய ஆண்டுகளையும் இரண்டு தொடர்களாக வைத்து ஆராயுங்கள், ஏனெனில் மீள்குடியேற்றத்துக்குப் பின் மானி பழைய இடத்திலேயே நாட்டப்பட்டதா என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். எந்த நிலையத்தில் எப்போது வாசிப்பு நின்று எப்போது மீண்டும் தொடங்கியது என்ற அட்டவணையை அறிக்கையின் முதற் பக்கங்களிலேயே கொடுங்கள்.

கண்டாவளைக்காரி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. அட்டவணை தயாரானதும் இங்கே இடுகிறேன். மானி இடம் மாறிய நிலையங்கள் எவை என்று தெரிந்தவர்கள் அதில் திருத்தம் சொல்லுங்கள்.